கல்லிற் கற்கும் கல்வி

கல்வி என்னும் சொல்லைக் கல்லுதல், அஃதாவது அகழ்தல், என்னும் வினையோடு இயைத்துப் பொருளுரைப்பது தமிழாசிரியர் வழக்கம். நாமும் ஆண்டுதோறும் வகுப்பிலே அவ்வாறே உரைத்து வருகின்றோம். ஆயின் மெய்யாகவே கல்லை அகழ்ந்து கல்வி பெறும் மாணாக்கரும் இக்காலத்தே உளர் என்பதை நம்முட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில், கடலோரத்தில் அமைந்த மாமல்லபுரத்திலே தமிழ்நாட்டு அரசினர் நடத்திவரும் கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரியின் மாணாக்கரே அவராவர். நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையிலே பிறிதொரு கல்லூரியைப் பற்றி எழுதப் புகுவது ஏனென்று வாசகர் வினவுதல் கூடும். தந்தை மகனுக்கு வீட்டிலே கையளித்து வந்த ஒரு வித்தை, பாடவிதானமும் பரீட்சையும் உடைய ஒரு கலாசாலைக்குள் வந்தபோது, அதனுடன் வந்தது யாது, வராது நின்றது யாது என்னும் வினா, கல்வித் தொண்டில் ஈடுபட்ட எவர்க்கும் உரிய வினாவாகும். அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விடயம் நமக்கு அயலானதுமன்று. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். உளிக்கு உறுதியாக நிற்கும் கருங்கல் இங்கு விளைவதில்லை. ஆதலால் நம் கோயில்களின் கருங்கற்றிருவுருவங்களும், அவற்றைச் சமைக்கும் சிற்பியரும் அக்கரையிலிருந்து வருதல் நெடுநாள் வழக்கமாயிற்று. ஆகம விதிக்கு அமையக் கோயில்கள் அமைதல் வேண்டுமென்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே நாவலர் பெருமான் வற்புறுத்தினார். அவ்விதியை அறிந்து கல்லிலே நிறைவேற்றும் கைகள் எங்கே, எவ்வாறு உருவாகின்றன என்பதை நாம் அறிந்திருத்தல் முறையே.

முதற்கண் பழைய முறையைக் காண்போம். இரும்பு, மரம், செம்பும் வெண்கலமும், கல், பொன் என்னும் ஐவகைப் பொருளிலும் தொழில் செய்வோரைக் கம்மாளர் என்றும் விசுவகர்ம மரபினர் என்றும் வழங்கினர். இம்மரபிலே பிறந்த சிறுவனுக்குத் தந்தையின் பட்டறையே பள்ளிக்கூடம். அவனுக்கு முதலிற் கொடுக்கப்படுவது உளியன்று. நீர் கொணர்தல், உலையின் துருத்தியை ஊதுதல், முனை மழுங்கிய உளிகளைச் சேர்த்து எடுத்துக் கொடுத்தல் என்பனவே அவனுக்குரிய முதற் பாடங்கள். இவ்வாறு சில ஆண்டுகள் கண்ணாற் கண்டும் காதாற் கேட்டும் பழகிய பின்னரே கல்லிற் கைவைக்க விடுவர். தொழிலும், தொழிலுக்குரிய கணக்கும், தெய்வ வணக்கமும், பெரியோரிடத்து ஒழுகும் முறையும் ஒரே இடத்தில், ஒரே ஆசானிடத்தில் அவனுக்குக் கிடைத்தன.

இம்முறையின் சிறப்பை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் கொழும்பிலே 1877ஆம் ஆண்டு பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள். இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறையின் தலைவராகக் கடமையாற்றிய காலத்தில் ஊரூராகச் சென்ற அவர், கைவினைஞரின் வாழ்க்கையை நேரிற் கண்டார். 1908ஆம் ஆண்டு மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலையும், 1909ஆம் ஆண்டு இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலையும் வெளியிட்டார். பட்டறையிலே மாணாக்கன் மெய்யான பொருளைச் செய்தே தொழிலைக் கற்கின்றான் என்பதும், ஆசானுக்குச் செய்யும் பணிவிடையும் அக்கல்வியின் பகுதியாகும் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய கருத்துக்கள்.

இனி, அம்முறைக்கும் குறைகள் உண்டு. வித்தை குடும்பத்துக்குள் அடைபட்டிருந்தமையால், வாரிசின்றிப் போன வீட்டோடு அதுவும் மறைந்தது. மயமதம், மானசாரம், காசியபம் முதலிய சிற்ப நூல்கள் வடமொழியில் இருந்தன. உளி பிடித்தோர் பலர்க்கு நூலின் மொழி கைவரவில்லை. நூலைப் படித்த புலவர்க்கோ உளி கைவரவில்லை. மன்னரும் குறுநில மன்னரும் மறைந்தபின் பெருந்திருப்பணிகள் அருகின. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வழிகாட்டிற்று. சிற்பியின் மகனும் எழுதுவினைஞனாக விரும்பினான். அவ்விருப்பத்தை நாம் குறைகூறல் ஆகாது. உடலுழைப்பை இழிவென்று கருதிய சமுதாயத்திலே மதிப்பை நாடுவது மனித இயல்பு. அக்கருத்தை வளர்த்ததில் நம்மவர் கல்லூரிகளுக்கும் பங்குண்டு.

கலைத்தொழிலைப் பள்ளியிலே கற்பிக்கும் முயற்சி சென்னையில் 1850ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் வைத்தியர் அவ்வாண்டில் நிறுவிய கலைப்பள்ளி பின்னர் அரசினர் பொறுப்பில் வளர்ந்து, இன்று சென்னைக் கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. எனினும் அங்கே மேனாட்டு வரைதல் முறையே பெரிதும் அடிப்படையாயிற்று. சிற்ப நூல் விதிப்படி திருவுருவமும் கோயிலும் சமைக்கும் கல்விக்குத் தனியிடம் வேண்டியிருந்தது. அவ்விடமே மாமல்லபுரத்தில் 1957ஆம் ஆண்டு தோன்றியது. அதன் முதற் பொறுப்பை ஏற்றவர் வைத்தியநாத ஸ்தபதியார். அவருக்குப் பின் அவருடைய மைந்தர் வை. கணபதி ஸ்தபதியார், 1927ஆம் ஆண்டு பிள்ளையார்பட்டியிலே பிறந்தவர், கால் நூற்றாண்டுக்கு மேலாக அதன் முதல்வராயிருந்தார். மரபுச் சிற்பியின் மகனாகப் பட்டறையிலே வளர்ந்த அவர், கல்லூரியிற் கணிதம் பயின்று பட்டமும் பெற்றவர். இருவகைக் கல்வியும் ஒருவரிடத்தே கூடியமை அந்நிறுவனத்துக்கு வாய்த்த நற்பேறாகும்.

ஒரு சிறு பயிற்சிக்கூடமாகத் தொடங்கிய அது, இன்று மரபுவழிக் கட்டடக்கலையிலும், கல், மரம், சுதை, உலோகம் என்பவற்றாற் செய்யும் சிற்பக்கலையிலும், மரபு ஓவியத்திலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாகியுள்ளது. பிறப்பாற் சிற்பியரல்லாத இளைஞரும், பெண்களும் அங்கே பயில்கின்றனர். முன்னாளில் ஒரு வீட்டின் வாயிலுக்கு வெளியே நின்றிருக்க வேண்டியவர்கள் இன்று உள்ளே அமர்ந்து கற்கின்றனர். கலாசாலை தந்த முதற் பயன் இதுவே.

அங்கே கற்பிக்கப்படும் கணக்கை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். கணித பாடத்தில் ஆர்வமுள்ள மாணாக்கர் கூட்டிப் பார்த்து மகிழலாம். திருவுருவத்தின் உறுப்பளவைக் கூறும் இலக்கணம் தாலமானம் எனப்படும். 12 அங்குலம் கொண்டது ஒரு தாலம். பத்துத் தாலம் கொண்ட உருவம் தசதாலம். அதில் உத்தமம் 124 அங்குலம், மத்திமம் 120 அங்குலம், அதமம் 116 அங்குலம். சிவபெருமான், திருமால், பிரமன் ஆகியோர்க்கு உத்தம தசதாலமும், தேவியர்க்கு மத்திம தசதாலமும் உரியன. பிள்ளையார்க்குப் பஞ்சதாலமே அளவு. அவர் குறுகிய திருவுருவினராய் விளங்குவதன் காரணம் இதுவாகும். உத்தம தசதாலத்திலே உச்சி 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு வரை 13½, மார்பிலிருந்து உந்தி வரை 13½, உந்தியிலிருந்து தொடையின் தொடக்கம் வரை 13½, தொடை 27, முழந்தாள் 4, கணைக்கால் 27, பாதம் 4. இவற்றைக் கூட்டின் 124 ஆதல் காண்க. முகத்தின் அளவே உடலின் மூன்று பகுதிகளில் மும்முறை திரும்ப வருதலும், தொடையும் கணைக்காலும் அதன் இருமடங்காய் நிற்றலும் நோக்கத்தக்கன.

இவ்வங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலமன்று. செய்யவேண்டிய உருவத்தின் உயரத்தை 124ஆற் பிரிக்க வருவதே அவ்வுருவத்துக்குரிய அங்குலம். 62 அங்குல உயரமான திருவுருவமாயின் அதன் அங்குலம் அளவுகோலில் அரை அங்குலம். முகம் 6¾ அங்குலம். 124 அங்குல உயரமாயின் முகம் 13½ அங்குலம். உருவம் சிறிதாயினும் பெரிதாயினும் உறுப்புக்களின் ஒப்புமை மாறுவதில்லை. அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை யவை என்பர். இமையும் இதழும் போன்ற நுண்ணிய உறுப்புக்களை அளப்பதற்கு யவையே அளவு.

சுவாமிமலையில் இன்றும் குடும்பப் பட்டறைகளிலே வெண்கலத் திருவுருவங்களை வார்ப்போர் இதே கணக்கை ஏட்டில் எழுதாமற் கையாளுகின்றனர். உருவத்தின் உயரத்துக்கு ஒரு தென்னோலைக் கீற்றை நறுக்கி, அதனை மடித்து மடித்து உறுப்பளவுகளைக் குறித்துக் கொள்வர். இதற்கு ஒடியோலை என்று பெயர். மெழுகுங் குங்கிலியமுங் கலந்து உருவத்தைச் சமைத்து, அதன்மேற் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்தி, மேலும் மண் சாத்திக் கம்பியாற் கட்டுவர். அதனைச் சூடாக்க மெழுகு உருகி வெளியேறும். வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். மண்ணை உடைத்தால் உருவம் வெளிப்படும். ஓர் அச்சினால் ஓர் உருவமே உண்டாகும். ஆதலின் மெழுகிலே நேர்ந்த பிழை உலோகத்திலும் நிலைத்துவிடும் என்னும் அச்சம் வார்ப்பவனை என்றும் விழிப்பாக வைத்திருக்கின்றது. ஓலையை மடிப்பவனும் தாலமானத்தை எழுதிப் படிப்பவனும் ஒரே உண்மையை இரு வழிகளிற் பெறுகின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

கல்வேலையிலே முதற்பாடம் கல்லைத் தெரிதல். கல்லைத் தட்டினால் மணிபோல் நீண்டொலிப்பது ஆண்கல். மெல்லிய தாளவோசை தருவது பெண்கல். ஓசை எழாதது நபுஞ்சகக் கல். தேவர் உருவுக்கு ஆண்கல்லும், தேவியர் உருவுக்குப் பெண்கல்லும், ஏனைய அடிப்படை வேலைகளுக்கு மூன்றாவதும் கொள்ளப்படும். இதிலே நம்பிக்கையோடு தொழிலறிவும் உண்டு. உள்ளே கீறல் உள்ள கல் நன்றாக ஒலிப்பதில்லை. அத்தகைய கல்லிலே பலமாத உழைப்பைச் செலவிட்டபின் அது பிளக்குமாயின் இழப்பு ஈடுசெய்யத்தக்கதன்று. செவி அதனை முன்னரே கண்டுபிடிக்கின்றது. தெரிந்த கல்லின்மேல் நடுவே நூல் பிடித்துச் செங்காவியாற் கோடிட்டு, அக்கோட்டின் இருபுறமும் அளந்து உருவை வரைந்துகொள்வர். வேலை நடக்க நடக்கக் கோடு உளியால் அழியும். அழிந்த கோட்டை மீண்டும் மீண்டும் இடுதல் வேண்டும். கோட்டை இட மறந்தவனுடைய உருவம் ஒருபுறம் சாயும்.

உளியைப் பேணுதல் அடுத்த பாடம். கருங்கல்லிற் பட்டு முனை மழுங்கிய உளியை உலையிற் காய்ச்சி அடித்துக் கூராக்கி, நீரிலே தோய்ப்பர். மிகையாகத் தோய்ந்தால் முனை ஒடியும்; குறைந்தால் வளையும். இரும்பின் நிறம் எந்த வேளையில் எவ்வாறு மாறுகின்றது என்பதைக் கண்ணே அறிதல் வேண்டும். இதனை எந்நூலிலும் எழுதிக் கொடுத்தல் அரிது.

இக்கல்லூரி மாமல்லபுரத்தில் அமைந்ததன் பயனையும் இங்கே கூறுதல் தகும். ஏழாம் நூற்றாண்டிலும் அதனையடுத்தும் பல்லவர் குடைந்த குகைகளும் ஒற்றைக்கல் இரதங்களும் 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. உல்லாசப் பயணிகள் முற்றுப்பெற்ற உருவங்களைக் கண்டு வியப்பர். பயிலும் மாணாக்கர்க்கோ முற்றுப்பெறாதவையே சிறந்த பாடநூல். வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்களும் மேற்பகுதி செதுக்கப்பட்டு அடிப்பகுதி பாறையாகவே நிற்கின்றன. உச்சியிலிருந்து கீழ்நோக்கி வேலை நடந்தது என்பதற்கு இவையே சான்று. சில குகைகளின் சுவரிலே சதுரஞ் சதுரமாகப் பள்ளக்கோடு வெட்டி, இடையிலுள்ள கல்லைத் தட்டிப் பெயர்த்த முறையும் அப்படியே தெரிகின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆசான், வேலையை இடையில் நிறுத்தி, எப்படிச் செய்தேன் என்று காட்டுவது போன்றது இது.

தமிழாசிரியர் என்ற முறையில் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. கணபதி ஸ்தபதியார் எழுதிய ‘சிற்பச் செந்நூல்’ 1978ஆம் ஆண்டு தமிழிலே பாடநூலாக வெளிவந்தது. வடமொழிச் சுவடியிலும் பட்டறைப் பேச்சிலும் பிரிந்துகிடந்த அறிவு அதனால் ஒன்றுசேர்ந்தது. கோயில் விமானத்துக்கு அதிட்டானம், பாதம், பிரத்தரம், கண்டம், சிகரம், தூபி என ஆறு உறுப்புக் கூறுவர். அவற்றினுள்ளே குமுதம், கொடுங்கை, போதிகை, நாசி என நூற்றுக்கணக்கான பெயர்கள் உள. குமுதம் என்பது அடித்தளத்தில் உருண்டோ பட்டையாகவோ வரும் வரி. கொடுங்கை என்பது வளைந்து இறங்கும் இறப்பு. போதிகை என்பது தூணின் தலையில் நின்று உத்திரத்தைத் தாங்கும் உறுப்பு. உயர்தர வகுப்பிலே போதிகை யாதென்று நாம் வினவியபோது, அகராதியைப் புரட்டிய மாணாக்கர் உளர்; கல்லூரிக் கோயிலின் தூணை அண்ணாந்து பார்த்தவர் இலர். சொல் அகராதியிலே உறங்குகின்றது. பட்டறையிலே அது நாள்தோறும் வழங்குகின்றது. கைத்தொழில் ஒன்று மறையுமாயின் அதனோடு ஒரு சொற்றொகுதியும் மறைகின்றது. மொழியைக் காத்தல் புலவர் கடமை மட்டுமே என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, கலாசாலைக்குள் வராது நின்றவை யாவை? காலம் அவற்றுள் ஒன்று. பட்டறைச் சிறுவன் எட்டு அல்லது பத்து வயதிலே தொடங்கிப் பதினைந்தாண்டு பெற்ற பழக்கத்தைப் பதினெட்டு வயதிலே புகும் மாணாக்கன் நான்காண்டிற் பெறுதல் இயலாது. பட்டம் பெற்ற பின்னரும் தேர்ந்த ஸ்தபதி ஒருவரிடம் பல ஆண்டு பணிசெய்தே அவன் சிற்பியாதல் வேண்டும். பட்டறையிலே பிழைக்கு உடனே தண்டனை உண்டு. கல் கெட்டால் வீட்டின் உணவு கெடும். பரீட்சையிலே பிழைக்குச் சில புள்ளிகளே குறையும். ஆயின் மறுபுறத்தில், சிறுவர்க்கு எழுத்தறிவை மறுத்துத் தொழிலில் இடுதல் இக்காலத்துக்கு ஒவ்வாது. பொதுக் கல்வியை முடித்தபின் தொழிற்கல்வி என்னும் முறையே ஏற்புடையது. இழந்த ஆண்டுகளை எவ்வாறு ஈடுசெய்வது என்பதே சிக்கல்.

இயந்திரம் மற்றொரு சோதனை. மாமல்லபுரத்துத் தெருக்களிலே இன்று உளியோசையுடன் மின்சார அறுப்பான்களின் இரைச்சலும் கேட்கின்றது. வேலை விரைவாகின்றது, விலையும் குறைகின்றது. ஆனால் கருங்கல்லை உலர்ந்தபடி அறுக்கும்போது எழும் நுண்டூளிற் சிலிக்கா உண்டு. அது நுரையீரலிற் படிந்து உண்டாக்கும் நோய்க்கு முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. நீர்விட்டு அறுத்தலும், மூக்கையும் வாயையும் தக்க கவசத்தால் மூடுதலும் தாலமானத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டிய பாடங்கள். திருவுருவத்துக்கு உயிர்ப்பூட்டும் ஒருவனுடைய மூச்சு அத்தொழிலாலேயே அடைபடுதல் எவ்வகையிலும் பொறுக்கத்தக்கதன்று.

இக்குறைகளைக் கூறியதனால் அம்முயற்சி வீணென்று எவரும் கொள்ளற்க. கன்னியாகுமரிக் கடற்பாறையிலே திருவள்ளுவர்க்குக் கணபதி ஸ்தபதியார் வகுத்த கற்சிலை 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38 ஆதலின் பீடம் 38 அடி. பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25 ஆதலின் சிலை 95 அடி. மொத்தம் 133 அடி. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையிலும் அது நிலைபெயராது நின்றது. மரபிலே வந்த கணக்கு அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்க்கும் பழம்பொருளன்று என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

இவற்றால் நாம் பெறவேண்டியது யாது? 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்திலே தொழில் முன்னிலைப் பாடங்கள் நம் நாட்டுப் பாடசாலைகளிற் புகுத்தப்பட்டமையை மூத்த பழைய மாணவர் மறந்திரார். ஊரில் வழங்கும் தொழிலைப் பாடசாலையிற் பயிற்றுவது அதன் கருத்து. 1977ஆம் ஆண்டு ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. போதிய கருவியும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இன்றித் தொடங்கியமை ஒரு காரணமெனினும், தொழிற்பாடம் மந்தமான பிள்ளைகளுக்கே உரியது என்னும் பெற்றோரின் எண்ணம் அதனினும் பெரிய தடையாயிற்று என்பது நம் துணிபு. அவ்வெண்ணம் இன்றும் அகன்றபாடில்லை.

நம் ஊர்களிலே தேரும் வாகனமும் மஞ்சமும் சமைக்கும் தச்சாசாரியார்கள் இருக்கின்றனர். போரிலே அழிந்த தேர்களுக்கு ஈடாகப் புதுத் தேர்கள் எழுந்தமை அவர்தம் கைத்திறனாலேயே. அவர்கள் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். தந்தையின் தொழிலைக் கூற நேருங்கால் அப்பிள்ளையின் குரல் தாழுமாயின், அக்குறை அப்பிள்ளையினது அன்று. ஒரு கல்லூரி இதற்குச் செய்யக்கூடியவை எளியனவே. ஆண்டுக்கொரு முறையேனும் ஓர் ஆசாரியாரை அழைத்து, அதிதிக்குரிய மரியாதையுடன் மேடையேற்றி, அவர் கருவிகளைக் கொண்டே பாடம் நடத்தச் செய்யலாம். கணித வகுப்புக் கோயிலின் தூணையும் தேரின் சில்லையும் அளக்கலாம். தமிழ் வகுப்பு, பட்டறையில் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதி ஒரு சிறு தொகுதியாக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். கடல்கடந்து வாழ்ந்து ஊர்க்கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கும் அன்பர் பலர் நம் கல்லூரியிற் பயின்றவர்களே. அவர்கள் கொடையின் ஒரு சிறு பகுதி, சிற்பமும் தச்சும் பயில விரும்பும் இளைஞர் ஒருவருக்கேனும் உதவிப்பணமாக அமையுமாயின், கோபுரத்தோடு அதனைப் பேணும் கையும் உருவாகும். பன்னிரண்டாண்டுக்கொரு முறை குடமுழுக்காட்டும் கோயிலுக்கு, அடுத்த பன்னிரண்டாண்டின் முடிவில் உளிபிடிக்கும் ஒருவன் வேண்டும். அவன் இன்று பதினைந்து வயது மாணாக்கனாய் எங்கோ ஒரு வகுப்பில் அமர்ந்திருக்கின்றான். அவனைத் தேடிக் காணும் பொறுப்பை இவ்விழா ஆண்டிலேயே பழைய மாணவர் சங்கம் மேற்கொள்ளுமாறு வேண்டி அமைகின்றோம்.